ரிவால்வர் பெட்டியும் போட்டோகார்ட் பெட்டியும்: எதில் காசு போடலாம்?

ராக் ரசிகர்களும், இளைஞர்கள் சேர்ந்து பாடி ஆடும் பாப் குழுக்களான பாய் பேண்ட்களின் ரசிகர்களும் ஒருவரையொருவர் ஏளனமாகப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். "இவர்களில் யாருக்காவது வாத்தியம் வாசிக்கத் தெரியுமா?" என்பது ஒரு பக்கம். "தாத்தா காலத்துப் பாட்டை இன்னும் எத்தனை தடவைதான் வாங்குவீர்கள்?" என்பது மறுபக்கம். இரு தரப்பின் அலமாரியையும் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே சரக்குதான்: கைப்பேசியில் எப்போது வேண்டுமானாலும் கேட்கக்கூடிய பாட்டுகளுக்காகத் தனியே காசு கொடுத்து வாங்கிய கனத்த அட்டைப்பெட்டி. இந்தக் குழுக்கள் ஏன் இன்னும் மங்காமல் இருக்கின்றன என்ற கேள்விக்குப் பாதி பதில் அந்தப் பெட்டிக்குள் கிடைக்கும்.

இங்கே எடைபோடுவது இரண்டு பெட்டிகளை. ஒன்று, பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்' ஆல்பத்துக்கு 2022-ல் வந்த சூப்பர் டீலக்ஸ் மறுபதிப்பு. மற்றொன்று, பிடிஎஸ், செவன்டீன் போன்ற கொரிய பாப் (கே-பாப்) குழுக்கள் வெளியிடும் ஆல்பம் பெட்டி; உறுப்பினரின் படம் அச்சிட்ட சிறு அட்டையான போட்டோகார்ட் அதற்குள் வரும். கூடவே அதன் உடன்பிறப்பான லைட் ஸ்டிக், அதாவது கச்சேரியில் ரசிகர்கள் கையில் பிடிக்கும் ஒளிரும் குச்சி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ராக் பெட்டியை அதன் ஒலி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பார்த்து வாங்க வேண்டும். பாய் பேண்ட் பெட்டியை அதற்குள் இருக்கும் காகிதத்துக்காக வாங்க வேண்டும். அட்டையின் அழகுக்காக ராக் மறுபதிப்பையும், ஒலித்தரத்துக்காக கே-பாப் சிடியையும் வாங்குகிறவர்கள்தான் பிறகு ஏமாந்துவிட்டதாகப் புலம்புகிறார்கள்.

'ரிவால்வர்' தற்செயலாகத் தேர்ந்தெடுத்ததல்ல. 1963, 64-ல் பீட்டில்ஸ் இருந்த இருப்பை இன்றைய கண்ணோடு பார்த்தால் அது சந்தேகமில்லாமல் ஒரு பாய் பேண்ட். மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் லெதர் சட்டையைக் கழற்றவைத்து ஒரே மாதிரி கோட்டு மாட்டிவிட்டார். நால்வருக்கும் ஒரே முடிவெட்டு. மேடையில் பாட்டு காதில் விழாத அளவுக்குப் பெண்களின் கூச்சல். 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அவர்களைப் பார்த்தவர்கள் சுமார் 7.3 கோடிப் பேர். ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு 1963 முதல் 1969 வரை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டு ஒன்று தபாலில் போகும். கடையில் கிடைக்காது, உறுப்பினருக்கு மட்டும்தான். இன்றைய கொரிய ஏஜென்சிகள் செய்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

திருப்பம் 1966 ஆகஸ்டில் நடந்தது. 5-ஆம் தேதி 'ரிவால்வர்' வெளிவந்தது. 29-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் கடைசிக் கட்டணக் கச்சேரி. அந்தச் சுற்றுப்பயணத்தில் 'ரிவால்வர்' பாட்டு ஒன்றைக்கூட அவர்கள் மேடையில் வாசிக்கவில்லை, வாசித்திருக்கவும் முடியாது. தலைகீழாக ஓடும் கிட்டார், சுழற்சி நாடாக்கள், எட்டுப் பேர் வாசிக்கும் வயலின், வியோலா, செல்லோ எல்லாம் ஸ்டுடியோவில் மட்டுமே சாத்தியம். கச்சேரியின் நினைவுப்பொருளாக இருந்த தட்டு அதுமுதல் படைப்பாகவே ஆகிவிட்டது. தட்டுதான் படைப்பு என்றால், அதைத் திரும்பத் திரும்ப மெருகேற்றி விற்கலாம். ராக் அந்த வழியில் போனது. பிங்க் ஃபிளாய்டின் 1973 ஆல்பம் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 1988-க்குள் 741 வாரம் உட்கார்ந்திருந்தது இப்படித்தான்.

பாய் பேண்டுகள் பழைய வழியிலேயே நின்று அதைத் தொழிலாக்கின. பாஸ்டனில் மாரிஸ் ஸ்டார் உருவாக்கிய நியூ கிட்ஸ் ஆன் த பிளாக், மான்செஸ்டரின் டேக் தட், ஆர்லாண்டோவில் லூ பேர்ல்மன் பணம் போட்ட பேக்ஸ்ட்ரீட் பாய்ஸும் என்-சிங்க்கும் என்று அந்த வரிசை நீளும். (பேர்ல்மன் பிறகு பெரும் பண மோசடிக்காக 2008-ல் 25 ஆண்டு தண்டனை பெற்றார் என்பது தனிக்கதை.) பாட்டுகளில் பலவும் ஸ்டாக்ஹோமின் செய்ரான் ஸ்டுடியோவில் டெனிஸ் பாப், மேக்ஸ் மார்ட்டின் கையில் தயாரானவை. 2000 மார்ச்சில் என்-சிங்க் ஒரே வாரத்தில் 24 லட்சம் பிரதிகள் விற்றது. கொரியாவில் 1996-ல் எஸ்எம் நிறுவனம் இறக்கிய எச்.ஓ.டி. குழுவின் ரசிகர்கள் வெள்ளை பலூனோடு வந்தார்கள். போட்டிக் குழுவின் ரசிகர்கள் மஞ்சள் பலூனோடு வந்தார்கள். இன்றைய லைட் ஸ்டிக்கின் மூதாதை அந்த பலூன்தான்.

ரிவால்வர் பெட்டிக்குள்

சிடி வடிவில் ஐந்து தட்டு. வினைல் (பழைய பாணி இசைத்தட்டு) வடிவில் நான்கு பெரிய தட்டும், இ.பி. எனப்படும் ஏழு அங்குலச் சிறு தட்டு ஒன்றும். இரண்டிலும் அதே 63 ட்ராக். 100 பக்கத்துக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று. புதிய ஸ்டீரியோ கலவை (இரு காதுக்கும் ஒலியைப் பிரித்துத் தருவது), 1966-இன் மோனோ கலவை (எல்லா ஒலியும் ஒன்றாகவே வருவது), இரண்டு தட்டு நிறைய ஒத்திகைப் பதிவுகள்.

இந்தப் பெட்டிக்குக் காரணமே அந்தப் புதிய ஸ்டீரியோதான். 1966-ல் லண்டனின் அபே ரோடு ஸ்டுடியோவில் இருந்தது நான்கு ட்ராக் ரெக்கார்டர், அதாவது நாடாவில் நான்கு தனித்தனிப் பாதைகளில் ஒலியைப் பதியும் கருவி. கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றையும் ஒரே ட்ராக்கில் அடைத்துவிட்டு மற்றவற்றில் குரலும் மேல்பூச்சும் சேர்ப்பார்கள். 'டாக்ஸ்மேன்' அப்படிப் பதிந்த பாட்டு. ஒரே ட்ராக்கில் கலந்துவிட்ட மூன்றை யாரும் பிரிக்க முடியாது என்பதால், பழைய ஸ்டீரியோவில் மொத்தத் தாளமும் ஒரு காதில், குரல் மறு காதில் என்று கிடக்கும். அறையில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால் பரவாயில்லை. ஹெட்போனில் கேட்டால் நடுமண்டையில் ஒரு வெற்றிடம்.

2022-ல் புதிய கலவையைச் செய்த ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓகெல்லும் பயன்படுத்தியது, இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய இயந்திரக் கற்றல் மென்பொருள். கலந்த ட்ராக்கிலிருந்து டிரம்ஸைத் தனியாக, பேஸைத் தனியாக, கிட்டாரைத் தனியாக உரித்தெடுக்கும். 2023-ல் ஜான் லெனனின் பழைய கேசட்டில் பியானோவோடு ஒட்டியிருந்த குரலைப் பிரித்து 'நவ் அண்ட் தென்' வெளியிட்டதும் இதே வகை நுட்பத்தால்தான். விளைவு: ரிங்கோவின் கிக் டிரம் முதன்முறையாக நடுவில், உடம்போடு ஒலிக்கிறது. மெக்கார்ட்னியின் பேஸ் ஓடும் பாதையை முழுசாகப் பின்தொடரலாம். குறை இல்லாமல் இல்லை. நல்ல ஹெட்போனில் காதைக் கூர்மையாக்கினால் சிம்பல் ஒலி தேய்ந்து மறையும் இடங்களில் லேசான பஞ்சுத்தன்மை தெரியும். பிரித்தெடுக்கும் நுட்பத்தின் கைரேகை அது, ஸ்பீக்கரில் தெரியாது.

மோனோ வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டும். 1966-ல் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் மோனோ பிளேயர்கள்; குழு உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்ததும் மோனோ கலவையைத்தான். ஆனால் மோனோவுக்காக மட்டும் இந்தப் பெட்டியை வாங்க வேண்டியதில்லை. 2014-ல் வந்த மோனோ வினைல் வரிசை மூல அனலாக் (டிஜிட்டல் ஆக்காத) நாடாவிலிருந்து நேரடியாக வெட்டப்பட்டது, அதாவது தட்டின் பள்ளமாகப் பதியப்பட்டது, தனித்தட்டாகவும் வந்தது. இரண்டாம் கையில் நல்ல நிலையில் கிடைத்தால் அதை விடாதீர்கள். 2012-இன் ஸ்டீரியோ வினைல்களோ 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் கோப்புகளிலிருந்து வெட்டியவை. மோசமில்லை, ஆனால் அவற்றுக்கு அதிக விலை கொடுக்கக் காரணமும் இல்லை. பழைய சரக்கு தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: 1966-இன் பிரிட்டிஷ் மோனோ தட்டில், இரண்டாம் பக்கத்தின் லேபிளுக்கு அருகே எக்ஸ்இஎக்ஸ் 606-1 என்ற எண் கீறியுள்ள பிரதிகளில் 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டின் வேறொரு கலவை இருக்கும். உடனே திரும்பப்பெறப்பட்ட கலவை அது. விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறி நிற்கும்.

ஒத்திகைத் தட்டுகளில் பாதி ஒருமுறை கேட்டால் போதும். மீதிப் பாதி பொன். 'ரெய்ன்' பாட்டை வேகமாக வாசித்துவிட்டு நாடாவின் வேகத்தைக் குறைத்துத்தான் அந்தக் கனத்த, தூக்கக்கலக்கமான ஓசையைக் கொண்டுவந்தார்கள். இங்கே அவர்கள் வாசித்த உண்மை வேகத்திலேயே இருக்கிறது. குழந்தைப் பாட்டாக எல்லாரும் நினைக்கும் 'எல்லோ சப்மரீன்' லெனன் கையில் எவ்வளவு சோகமாகத் தொடங்கியது என்பதற்கும் பதிவு இருக்கிறது. இவற்றையெல்லாம் தாவித் தாவிக் கேட்கத் தோன்றும் என்பதால் சிடி பெட்டியே வசதி. ஒத்திகைகளில் ஆர்வம் இல்லையென்றால் பெட்டியே வேண்டாம்; புதிய ஸ்டீரியோ மட்டும் உள்ள ஒற்றை வினைலோ ஒற்றை சிடியோ போதும்.

ஸ்டிக்கரில் எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம்

2022-ல் அமெரிக்காவில் வினைல் எண்ணிக்கையில் சிடியை முந்தியது, 4.1 கோடிக்கு 3.3 கோடி. 1987-க்குப் பிறகு முதல்முறை. அந்த அலையில் வந்த ராக் மறுபதிப்புகளின் மேலுறையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

180 கிராம் என்பது தட்டின் எடை. ஊசி ஓடும் பள்ளத்தின் ஆழமோ அகலமோ அதனால் மாறாது. தடித்த தட்டு கொஞ்சம் தட்டையாக நிற்கும், அவ்வளவுதான்; 140 கிராமில் அருமையாக ஒலிக்கும் தட்டுகள் ஏராளம். மாஸ்டரிங் என்பது கலவையைத் தட்டுக்கேற்ப இறுதியாகச் செப்பனிடும் வேலை. அரைவேக மாஸ்டரிங் என்றால் வெட்டும்போது நாடாவையும் பள்ளம் வெட்டும் இயந்திரமான லேத்தையும் பாதி வேகத்தில் ஓட்டுவது. மேல்சுரங்களை வெட்டும் ஊசிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், பலனும் உண்டு. 45 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 45 சுற்று) இரட்டைத்தட்டு என்றால் நிச்சயமாகப் பலன் உண்டு, காரணம் எளிது. 33⅓ வேகத்தில் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்விளிம்புக்கு வரும்போது அது 21 ஆகச் சுருங்கிவிடும். அதே அளவு ஒலியைப் பாதி இடத்தில் நெருக்கி எழுதுவதால் பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ' ஓசைகள் கரகரக்கும். ஒரு பக்கம் 22 நிமிடத்தைத் தாண்டினால் தொந்தரவு கூடும். 45-ல் அந்த வேகம் மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

'அனலாக்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. முழுக்க நாடாவிலிருந்து வெட்டியது என்று ரசிகர்கள் நம்பியிருந்த மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் மறுபதிப்புகள் பலவற்றில் இடையே ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022-ல் தெரியவந்தது. வழக்கு வரை போனது. அதுவரை அதே தட்டுகளின் ஒலியைத்தான் அதே ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். டிஜிட்டல் படி ஒலியைக் கெடுப்பதைவிட, அளவுமீறிச் சத்தமாக மாஸ்டர் செய்வது பலமடங்கு கெடுக்கும். மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் அதற்குப் பாடப்புத்தக உதாரணம். ஒலி அலைகளின் உச்சியை வெட்டும் அளவுக்கு அழுத்தியிருந்ததால், அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ வீடியோகேமில் வந்த வடிவமே மேல் என்று ரசிகர்கள் அதைத் தேடிப்போனார்கள். எந்த மறுபதிப்பையும் வாங்குமுன் யார் மாஸ்டர் செய்தார், எந்த ஆண்டு என்று பாருங்கள். தட்டில் பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் வெட்டியவரின் முதலெழுத்துகள் கீறியிருக்கும். லெட் செப்பலினின் 1969-ஆம் ஆண்டு இரண்டாம் ஆல்பத்தில் பாப் லட்விக்கின் 'ஆர்.எல்.' இருந்தால் அதற்குத் தனி மதிப்பு. மலிவு பிளேயரில் ஊசி துள்ளுகிறதென்று அந்த வெட்டை மாற்றிவிட்டார்கள்.

பெட்டி கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது. சுருக்கு பிளாஸ்டிக்கை உடனே கிழித்துவிடுங்கள். அது நாளாக ஆக இறுகி அட்டையையும் தட்டையும் வளைக்கும். திருப்பி அனுப்பும் கெடுவும் அதற்குள் ஓடிவிடும். தட்டை ஒரே விளக்கின் கீழ் சாய்த்துப் பிடியுங்கள். மேற்பரப்பில் மங்கலான, சொரசொரப்பான திட்டு இருந்தால் அது நிரம்பாத பள்ளம். அச்சு போதிய சூடாகாமலோ, அவசரமாகத் திறந்ததாலோ உருகிய வினைல் பள்ளத்தின் மூலைவரை போகாமல் நின்றுவிட்டதன் அடையாளம். ஓட்டும்போது துணி கிழிவதுபோல 'கிர்ர்' என்று வரும். எவ்வளவு கழுவினாலும் போகாது, மாற்றித்தான் வாங்க வேண்டும். வெறும் டிக் டிக் ஓசை என்றால் பெரும்பாலும் காகித உறையின் தூசியும் நிலைமின்சாரமும்தான். காய்ச்சி வடித்த நீர், மென்மையான துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைப்பது, லேபிள் நனையக்கூடாது. பிறகு காகித உள்ளுறையைத் தூக்கிப்போட்டுவிட்டு பாலித்தீன் உள்வரி உள்ள உறைக்கு மாற்றுங்கள்.

அடுத்து, தட்டைச் சுழலவிட்டு ஊசிக்கையை மேலிருந்து கவனியுங்கள். மேலும் கீழும் ஆடினால் தட்டு வளைந்திருக்கிறது. சற்று ஆடினால் பரவாயில்லை. பக்கவாட்டில் ஊஞ்சலாடினால் துளை நடுவில் இல்லை. நீளமான பியானோ சுரங்களில் சுருதி அலைவது கேட்கும். இதை மன்னிக்கக்கூடாது. ஊசியின் அழுத்தத்தையும் சரிபாருங்கள்: ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்திய முனை) 2 கிராம், ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். சூட்கேஸ் வடிவ மலிவு பிளேயர்கள் பலவும் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தும். அதில் டீலக்ஸ் வினைலை ஓட்டுவதற்கு சிடியே வாங்கிவிடலாம். படம் அச்சிட்ட தட்டுகளை ஓட்டுவதற்கென்று வாங்காதீர்கள். காகிதத்தின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில்தான் பள்ளம் இருக்கிறது. பின்னணி இரைச்சல் கூடுதலாகவே இருக்கும்.

அட்டை அலங்காரம் தட்டையே கெடுத்த கதையும் ராக்கில் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸின் 1971 ஆல்பம் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' உறையில் நிஜ ஜிப் வைத்தார்கள். அடுக்கி அனுப்பியபோது ஜிப்பின் தலை அடுத்த தட்டில் பதிந்து பாட்டைக் குலைத்தது. ஜிப்பைப் பாதி இறக்கிவைத்து அனுப்பினார்கள். அழுத்தம் பள்ளத்தில் படாமல் நடு லேபிளில் பட்டது. அந்தப் பழைய பிரதி கிடைத்தால் ஜிப்பை மேலே ஏற்றி வைக்காதீர்கள்.

போட்டோகார்ட் பெட்டிக்குள்

கொரிய ஆல்பம் பெட்டியில் வழக்கமாக ஒரு போட்டோபுக், ஒரு சிடி, பாடல் வரிகள், ஸ்டிக்கர் அல்லது போஸ்ட்கார்டு, சீட்டுக்குலுக்கல் மாதிரி வரும் போட்டோகார்ட். இந்த அட்டை 2010-ல் கேர்ள்ஸ் ஜெனரேஷன் ஆல்பத்தோடு பரவத் தொடங்கியது என்பார்கள். பெண்கள் குழு தொடங்கிவைத்ததை ஆண்கள் குழுக்கள் பெருந்தொழிலாக்கின. பிடிஎஸ்ஸின் 2020 ஆல்பம் 'மேப் ஆஃப் த சோல்: 7' நான்கு வகைப் பெட்டியில் வந்து 40 லட்சத்துக்கு மேல் விற்றது. 2023 ஏப்ரலில் செவன்டீனின் 'எஃப்எம்எல்' முதல் வாரத்திலேயே சுமார் 45.5 லட்சம். பாட்டு ஒன்றுதான், பெட்டிதான் பல.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. ஏழு பேர் குழு, பெட்டிக்கு ஓர் அட்டை, யார் வருவார் என்பது முழுக்க அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேரையும் சேர்க்க சராசரியாக 18 பெட்டி ஆகும். பதின்மூன்று பேர் குழு என்றால் 41. ஒரே ஒருவரின் அட்டை போதும் என்றாலும், ஏழு பெட்டி வாங்கியும் அவர் வராமல் போவதற்கு 34 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு வகைப் பெட்டிக்கும் அட்டை வேறு என்றால் இந்தக் கணக்கை அத்தனை முறை பெருக்கிக்கொள்ளுங்கள். பெட்டி வாங்கி அட்டை சேர்ப்பது எந்த வகையிலும் கட்டாது. ஒரு பெட்டி வாங்குங்கள், வேண்டிய அட்டையை மாற்றிக்கொள்ளுங்கள் அல்லது தனியாக விலைக்கு எடுங்கள். மாற்றும்போது ஒன்றுக்கு ஒன்று எப்போதும் நடக்காது. அதிகம் விரும்பப்படும் உறுப்பினரின் அட்டைக்கு இரண்டு கேட்பார்கள்.

பிறகு ஏன் பெட்டிபெட்டியாக வாங்குகிறார்கள்? முதல் வார விற்பனைக் கணக்குக்காக. கொரியாவின் ஹான்டியோ விற்பனைப் பட்டியல் தன்னோடு இணைந்த கடைகளின் விற்பனையை உடனுக்குடன் எண்ணுகிறது. சர்க்கிள் பட்டியல் கடைகளுக்குப் போன சரக்கை எண்ணுகிறது. கையெழுத்து நிகழ்ச்சிக்கான குலுக்கலில் ஒரு பெட்டிக்கு ஒரு சீட்டு. தேர்தலில் ஓட்டுப் போடுவதைப்போல ரசிகர்கள் இதைச் செய்கிறார்கள். தன் குழு தோற்கக்கூடாது. ஏளனம் செய்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: ஒரே ஆல்பத்தை 2009 ரீமாஸ்டர், 2012 ஸ்டீரியோ, 2014 மோனோ, 2022 புதுக்கலவை என்று நான்கு தரம் வாங்கிய பீட்டில்ஸ் ரசிகர் பதினைந்தே ஆண்டுக்குள் செய்ததை, கே-பாப் ரசிகர் ஒரே வாரத்தில் செய்துவிடுகிறார்.

பெட்டியின் தரம்? சிடி சாதாரண சிடிதான். ஒலி பெரும்பாலும் சத்தமாக, கைப்பேசிக்கேற்ற மாதிரி மாஸ்டர் செய்தது. சிடியைக் காகிதப் பிளவில் செருகியிருந்தால் முதல் நாளே கீறல் விழும். எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுவையுங்கள். உண்மையான சரக்கு போட்டோபுக்: தடித்த தாள், நல்ல அச்சு. பலவீனம் பைண்டிங்கில். பசையால் ஒட்டிய முதுகு என்றால் 180 பாகை விரித்து மேசையில் அழுத்தாதீர்கள். நடுப்பக்கங்கள் கொத்தாகக் கழன்றுவரும். நூல் தைத்தது என்றால் பயமில்லை. மேலிருந்து முதுகைப் பார்த்தால் தாள்கள் மடிமடியாக இருக்கின்றனவா, ஒரே கட்டையாக இருக்கின்றனவா என்று தெரியும். மடிமடியாக இருந்தால் தைத்தது.

போட்டோகார்டின் வழக்கமான அளவு 55 × 85 மில்லிமீட்டர். விளையாட்டு வீரர் அட்டைகளுக்கான கெட்டி உறைகள் இதைவிட அகலமானவை. நேரடியாகப் போட்டால் அட்டை உள்ளே உருண்டு மூலை தேயும். முதலில் 56 × 87 அளவுள்ள பாலிப்ரொப்பிலீன் மென்னுறை, அதன்மேல் கெட்டி உறை. பிவிசி உறை கூடவே கூடாது; அதன் மென்மைக்குச் சேர்க்கும் எண்ணெய் கசிந்து அச்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். வினைலின் வெளியுறைக்கும் இதே விதிதான், இந்த ஒரு விஷயத்தில் இரு தரப்பும் ஒன்றுபடலாம். தனியாக அட்டை வாங்கும்போது விற்பவரிடம் விளக்கடியில் சாய்த்தெடுத்த வீடியோ கேளுங்கள். போலியில் மூலை வளைவு நான்கும் ஒன்றுபோல இராது, பின்பக்க எழுத்தின் விளிம்பு கசிந்திருக்கும், நிறம் ஒரு சாயல் தூக்கலாக இருக்கும். நேர்மேலிருந்து எடுத்த படத்தில் இவை எதுவும் தெரியாது.

சிடியே வேண்டாம், அட்டையும் பதிவிறக்கமும் போதும் என்பவர்களுக்குச் சிறிய கியூஆர் ஆல்பங்கள் வந்துவிட்டன; அட்டையிலுள்ள குறியீட்டைக் கைப்பேசிச் செயலியில் காட்டிப் பாட்டைக் கேட்க வேண்டியதுதான். 2022-ல் ஜே-ஹோப்பின் தனி ஆல்பம் முதலில் சிடி இல்லாமல் அந்த வடிவில்தான் வந்தது. இடம் அடைக்காது, ஆனால் அந்தச் செயலி நாளை நின்றுபோனால் கையில் மிஞ்சுவது அட்டை மட்டுமே. அட்டைக்காகவே வாங்குகிறவருக்கு அது ஒரு குறையில்லை.

லைட் ஸ்டிக்

இரு பெட்டிகளையும்விடக் காசுக்கு மதிப்புள்ள பொருள் இதுதான், கச்சேரிக்குப் போகிறவராக இருந்தால். போகாதவருக்கு அது ஒரு விலையுயர்ந்த படுக்கையறை விளக்கு.

பிடிஎஸ்ஸின் ஆர்மி பாம் மூன்று ஏஏஏ பேட்டரியில் ஓடும். வேறு பல குழுக்களின் ஸ்டிக்கும் அப்படியே. சாதாரண ஆல்கலைன் மூன்றும் சேர்ந்து 4.5 வோல்ட். ரீசார்ஜ் செய்யும் வகை 3.6 வோல்ட்தான் என்பதால் சிலவற்றில் ஒளி மங்கும், வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போட்டால் தீர்ந்த பேட்டரி கசிந்து உள்ளேயுள்ள தகட்டை அரிக்கும். கைப்பேசியோடு இணைக்கும் வேலை அரங்கத்துக்குப் புறப்படுமுன் முடிந்திருக்க வேண்டும்: அதிகாரப்பூர்வச் செயலி, ப்ளூடூத், ஆண்ட்ராய்டில் இருப்பிட அனுமதியும். அது இல்லாவிட்டால் ஸ்டிக் பட்டியலில் தெரியவே தெரியாது. "பழுது" என்று திருப்பி அனுப்புபவர்களில் பலர் விட்டது இந்த ஓர் அனுமதியைத்தான். ஸ்டிக்கின் மென்பொருள் புதுப்பிப்பையும் வீட்டில் முடியுங்கள். ஐம்பதாயிரம் பேர் ப்ளூடூத்தும் இணையமும் ஓட்டும் இடத்தில் புதுப்பிப்பு பாதியில் நின்றால் ஸ்டிக் அன்றைக்கு வெறும் குச்சி. பிறகு டிக்கெட்டில் உள்ள பகுதி, வரிசை, இருக்கை எண்ணைப் பதிய வேண்டும். அதை வைத்துத்தான் கட்டுப்பாட்டு மேசை உங்கள் இடத்துக்கு எந்த நிறம் என்று தீர்மானிக்கிறது. இருக்கை மாறி உட்கார்ந்தால் அரங்கத்தின் அலையில் நீங்கள் மட்டும் தப்பு நிறத்தில் ஒளிர்வீர்கள். பேட்டரி மாற்றினால் பதிவு அழிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ராக் பக்கத்திலும் இந்த நுட்பம் நுழைந்துவிட்டது. கோல்ட்ப்ளே தன் 2012 சுற்றுப்பயணத்திலேயே பார்வையாளர் மணிக்கட்டில் ஒளிரும் பட்டை கட்டியது. ஆனால் அந்தப் பட்டையை வாசலில் சும்மா கொடுக்கிறார்கள்; இப்போதெல்லாம் கச்சேரி முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். கொரிய ரசிகர் தன் ஸ்டிக்கைக் காசு கொடுத்து வாங்கி, பெயர் ஒட்டி, அடுத்த சுற்றுக்கும் கொண்டுவருகிறார். குழு ராணுவ சேவைக்குப் போய்த் திரும்பும்வரை அலமாரியில் வைத்திருக்கவும் செய்கிறார். அப்படி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். அடுத்த கச்சேரிக்கான அறிவிப்பில் எந்தெந்தப் பதிப்பு ஸ்டிக் மையக் கட்டுப்பாட்டோடு சேரும் என்று போட்டிருப்பார்கள். பழைய பதிப்பு அதில் இல்லையென்றால் அது கையில் ஒளிரும், அரங்கத்தோடு சேர்ந்து நிறம் மாறாது. அதற்காகப் புதிய பதிப்பை உடனே வாங்க ஓட வேண்டாம். டிக்கெட் கையில் உறுதியான பிறகு வாங்கினால் போதும்.